தில்லிக் காற்றை விண்ணிலிருந்து அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட தமிழ் மாணவர்கள் சிலர், செயற்கைக்கோள் தரவுடன் மயூர் விஹாரில் உள்ள என் வீட்டுக்கு வருவதுண்டு. அவர்களுடைய நிரலில் நான் முதலில் தேடுவது, நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற மாசு வாயுவின் அளவீடுகளில் சைபருக்குக் குறைவான மதிப்புகளை நீக்கும் அந்த ஒற்றை வரியைத்தான்.

நைட்ரஜன் டை ஆக்சைடின் அளவு சைபருக்குக் கீழே போகாது என்பது உண்மையே. ஆனால், பூமியிலிருந்து திரும்பும் சூரிய ஒளியில் அவ்வாயு உறிஞ்சிய பங்கைக் கணித்து, அதிலிருந்து நாம் வாழும் காற்றடுக்குக்கு மேலே உள்ள அடுக்குமண்டலத்தின் பங்கைக் கழித்த பிறகு எஞ்சுவதே நமக்குக் கிடைக்கிறது. காற்று தூய்மையாக உள்ள இடங்களில் கருவியின் இரைச்சலால் அந்த மிச்சம் சைபரின் இருபுறமும் ஊசலாடும். 2, 1, 0, −1, −2 என்ற ஐந்து அளவீடுகளின் சராசரி சைபர். கடைசி இரண்டை நீக்கினால் சராசரி 1 ஆகி, இல்லாத மாசு வரைபடத்தில் முளைத்துவிடும். மாணவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளில் இதையே மிக மோசமானதாகக் கருதுகிறேன்.

நீண்டகாலப் போக்கை ஆராய்பவர்களுக்கு வேறொரு பொறி உண்டு. 2004-இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளில் இதே வாயுவை அளக்கும் ஓமி கருவியில், பாதையின் குறுக்கே ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில் பார்க்கும் வரிசைகளுள் சிலவற்றின் பார்வை 2007 முதல் தடைபடத் தொடங்கி, பின்னர் அந்தப் பாதிப்பு மேலும் பல வரிசைகளுக்குப் பரவியது. பழுதான வரிசைகளை அவை பழுதான ஆண்டுகளில் மட்டும் விலக்கினால், முந்தைய ஆண்டுகளும் பிந்தைய ஆண்டுகளும் வெவ்வேறு கோணங்களில் பார்க்கப்பட்டவையாகிவிடும். ஆகவே, கடைசிவரை பழுதாகாத வரிசைகளை மட்டுமே எல்லா ஆண்டுகளுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2017-இல் ஏவப்பட்ட ட்ரோபோமி கருவியின் நைட்ரஜன் டை ஆக்சைடு தரவுக்கு, அளவீட்டின் நம்பகத்தன்மையை 0 முதல் 1 வரை குறிக்கும் தரக் குறியீடு 0.75-க்கு மேல் உள்ள பிக்சல்களையே பயன்படுத்துமாறு கையேடு பரிந்துரைக்கிறது. அதைப் பின்பற்றத்தான் வேண்டும். எனினும் ஜனவரியில் தில்லியை மூடும் பனிமூட்டம் மேகமாகக் கொள்ளப்பட்டு அந்நாட்கள் கழிந்துபோகக்கூடும் என்பதால், மாதச் சராசரி தெளிந்த நாட்களின் பக்கமே சாய்ந்துவிடும். எத்தனை நாட்களின் தரவு எஞ்சியது என்பதைச் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தில்லியின் ஆனந்த் விஹாரில் தரையில் காற்றை அளக்கும் நிலையத்தின் 24 மணி நேரச் சராசரியோடு ட்ரோபோமியின் மதிப்பை ஒப்பிடுவதும் பிழை. செயற்கைக்கோள் கடப்பது நண்பகலுக்குப் பின் சுமார் 1.30 மணிக்கு, அது தருவது தரையிலிருந்து அடுக்குமண்டலத்துக்குக் கீழ்வரை நீளும் காற்றுத் தூண் முழுவதிலும் உள்ள அளவு. நிலையத்தின் அந்த மணி நேரப் பதிவையே எடுத்து, தரையை ஒட்டிய காற்று மேலும் கீழும் கலக்கும் கலப்பு அடுக்கின் உயரத்தையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் இரண்டையும் அருகருகே வைக்கலாம்.