ஊசி வேணாம்னு சொல்ற நம்ம வீட்டு ஆளுங்ககிட்ட எப்படி பேசறது

2021-ல வியாசர்பாடில எங்க தெருவுல நானும் என் ஃப்ரெண்ட்ஸும் வீடு வீடா போய் கொரோனா தடுப்பூசி கேம்ப்புக்கு ஆள் கூட்டிட்டுப் போனோம். யாரும் சொல்லி செய்யல, ரெண்டாவது அலைல தெருவுலயே நாலு சாவு பார்த்ததுக்கு அப்புறம் சும்மா உட்கார முடியல. அப்போ கத்துக்கிட்டத இங்க எழுதி வைக்கறேன், திரும்ப ஒரு தொற்று வந்தா யாருக்காவது உதவும்.

போன உடனே விளக்கம் குடுக்க ஆரம்பிக்காதீங்க. கேளுங்க. ஏன் வேணாம்னு கேட்டா முதல்ல சொல்ற காரணம் பெரும்பாலும் நம்மள அனுப்பி வைக்கறதுக்கு சொல்றது தான், நிஜ காரணம் உள்ள இருக்கும்.

எங்க அத்தை ஒரு மாசம் பூரா "எனக்கு சுகர் இருக்குடா, எனக்கெல்லாம் ஒத்துக்காது"ன்னே சொன்னாங்க. நானும் சுகர் இருக்கறவங்களுக்கு தான் கொரோனா வந்தா ஆபத்து ஜாஸ்தி, அதனால தான் மார்ச் 1-ம் தேதியே 60 வயசு தாண்டினவங்களுக்கும், 45 தாண்டி கூட வேற நோய் இருக்கறவங்களுக்கும் பொது ஜனங்கள்ல முதல்ல போட ஆரம்பிச்சாங்கன்னு திரும்பத் திரும்ப சொல்லிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் மத்தியானம் அவங்க கூட உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு வேற ஏதோ பேசிட்டு இருந்தப்ப தான் விஷயம் வெளிய வந்துது. 2020-ல பக்கத்து வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ்னு சொல்லி ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போனாங்க, வாசல்ல தகரம் அடிச்சாங்க, அவர் திரும்பி வரவே இல்ல. ஊசிக்கு போனா அங்க டெஸ்ட் எடுத்து நம்மளையும் அப்படி தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு அத்தை நினைச்சிருக்காங்க. சுகருக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. "அத்த, அங்க டெஸ்ட் எல்லாம் எடுக்க மாட்டாங்க, ஆதார் பாப்பாங்க, ஊசி போடுவாங்க, அரை மணி நேரம் உட்கார வைப்பாங்க, அப்புறம் வீட்டுக்கு வந்துடலாம், நான் உன் பக்கத்துலயே இருப்பேன்"னு சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு அவங்களே போலாமான்னு கேட்டாங்க. ஒரு மாசம் நான் சொன்ன மருத்துவ விளக்கம் எல்லாம் அவங்க கேக்காத கேள்விக்கு பதில்.

இப்படி உள்ள இருக்கற காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஆட்டோ ஓட்டற ஒரு அண்ணன் ஊசியே ஃபிராடுன்னு சத்தம் போடுவாரு, பொறுமையா பேசினா ரெண்டு நாள் ஜுரத்துல படுத்தா வண்டி டியூ யாரு கட்டறதுன்னு கேப்பாரு. நியாயமான கேள்வி. அவருக்கு தேவை சவாரி கம்மியா இருக்கற நாளைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊசி, அவ்ளோ தான். பொம்பளைங்களுக்கு இன்னொண்ணு இருக்கு, யாரும் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க. ஜாக்கெட் கை டைட்டா இருக்கும், அத்தனை ஆம்பளைங்க நடுவுல தோள் வரைக்கும் எப்படி ஏத்தறதுன்னு கூச்சம். லூசான கை வெச்ச ஜாக்கெட் இல்ல நைட்டி போட்டு மேல துண்டு போட்டுக்க சொல்லுங்க, கேம்ப்ல லேடி நர்ஸ் இருக்காங்களான்னு முன்னாடியே பார்த்துட்டு வந்து சொல்லுங்க. இதுக்காகவே வந்தவங்க எங்க தெருவுல நிறைய பேர்.

கறி, சரக்கு விஷயமும் இருக்கு. 2021 செப்டம்பர் 12-ல ஆரம்பிச்ச மெகா கேம்ப் ஞாயித்துக்கிழமை தான் நடந்துது, அப்புறம் கறி சாப்பிடறவங்களும் குடிக்கறவங்களும் அன்னிக்கு வர தயங்கறாங்கன்னு சொல்லி சனிக்கிழமைக்கு மாத்தினாங்க. ஜனங்கள திட்டாம நாள மாத்தினாங்க பாருங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்சுது. கறிக்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு தடவ சொல்லுங்க, அப்பவும் தயங்கினா கறி எடுக்காத நாள்ல கூட்டிட்டுப் போங்க.

அடுத்தது பயம். 2021 ஏப்ரல் 15 நடிகர் விவேக் சார் ஓமந்தூரார் ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கிட்டாரு, மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி விடியக்காலைல போயிட்டாரு. எல்லாரும் போட்டுக்கோங்கன்னு சொல்றதுக்காகவே கேமரா முன்னாடி போட்டுக்கிட்ட மனுஷன். அதுக்கப்புறம் எங்க தெருவுல ஒரு வாரம் ஒருத்தர் கூட கதவு திறந்து பேசல. இந்த மாதிரி சமயத்துல "அதெல்லாம் வதந்தி"ன்னு எடுத்த எடுப்புல சொன்னீங்கன்னா முடிஞ்சுது, அவர் செத்தது வதந்தி இல்லையே. முதல்ல அந்த துக்கத்த பேச விடுங்க, நமக்கும் அழுகை வந்துதுன்னு சொல்லுங்க, அது உண்மை தானே. அப்புறம் மெதுவா சொல்லுங்க, அவரோட இதயத்துக்கு போற முக்கியமான ரத்தக்குழாய் முழுசா அடைச்சிருந்துதுன்னு டாக்டர்ங்க சொன்னாங்க, குழாய்ல கொழுப்பு படியறது வருஷக்கணக்கா நடக்கற விஷயம், பின்னாடி மத்திய அரசு குழு விசாரிச்சும் ஊசியால இல்லன்னு தான் சொல்லுச்சு. தினம் லட்சக்கணக்கான பேர் ஊசி போட்டுக்கறப்ப அதுல சில பேருக்கு அதே வாரத்துல மாரடைப்பு வர தான் செய்யும், ஊசி இல்லாட்டியும் வந்திருக்கும். இதுக்கு மேல இழுக்காதீங்க.

பொய் மட்டும் சொல்லவே சொல்லாதீங்க. "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி கூட்டிட்டுப் போய் ராத்திரி ஜுரம் வந்துச்சுன்னா அந்த வீடு மட்டும் இல்ல, அவங்க சொல்லி பக்கத்து பத்து வீடும் போச்சு. கை வலிக்கும், உடம்பு வலி இருக்கும், ஒரு நாள் ரெண்டு நாள் ஜுரம் வரலாம், பாராசிட்டமால் போதும்னு முன்னாடியே சொல்லிடுங்க. கோவிஷீல்டுல ரொம்ப ரொம்ப அரிதா ரத்தம் உறையற பிரச்சினை வரும்ங்கறதும் உண்மை, அங்க ஆஸ்ட்ராசெனெகாங்கற பேர்ல போட்ட இதே ஊசிக்கு ஐரோப்பிய மருந்து அமைப்பு 2021 ஏப்ரல்லயே அத வெளிப்படையா சொல்லிடுச்சு. அதனால ஊசி போட்ட மூணு நாலு வாரத்துக்குள்ள விடாத தலைவலி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம்னு ஏதாவது இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போகணும்னு சொல்லி உங்க போன் நம்பர குடுத்துட்டு வாங்க. இதெல்லாம் சொன்னா பயந்து ஓடிடுவாங்கன்னு நானும் நினைச்சேன், ஆனா மறைக்காம சொல்றவன தான் ஜனங்க நம்பறாங்க. டோஸ் கேப் கூட அப்படி தான். கோவிஷீல்டுக்கு முதல்ல நாலு வாரம்னாங்க, அப்புறம் 6-8 வாரம், மே மாசம் 12-16 வாரம்னு ஆச்சு. ஸ்டாக் இல்லாததால தான் மாத்தறாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஆமா ரூல் மாறிச்சு, புதுசா தகவல் வரவர மாறும், இன்னும் கூட மாறலாம்னு சொல்லிட்டேன்.

வாட்ஸ்அப் மெசேஜுக்கு குடும்ப க்ரூப்லயே பதில் போடாதீங்க. எல்லாரும் பார்க்க ஒரு சித்தப்பாவ தப்புன்னு சொன்னா அவர் மானத்துக்காகவாவது ஊசி போட மாட்டாரு. தனியா கூப்பிட்டு பேசுங்க. ஊசி போட்டவங்க ரெண்டு வருஷத்துல செத்துடுவாங்கன்னு ஒரு நோபல் விஞ்ஞானி சொன்னதா அப்போ சுத்துச்சு, அவர் அப்படி சொல்லவே இல்ல. 2017-ல ஸ்கூல்ல தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டப்பவும் இதே மாதிரி மெசேஜ் பார்த்து பிள்ளைங்கள அன்னிக்கு ஸ்கூலுக்கே அனுப்பாதவங்க இருந்தாங்க.

கபசுர குடிநீர் குடிக்கறவங்கள கிண்டல் பண்ணாதீங்க, அதையும் குடிங்க இதையும் போட்டுக்கோங்கன்னு சொன்னா சண்டையே இல்ல. பெரியவங்ககிட்ட அவங்க கைல இருக்கற அம்மை குத்தின தழும்ப காட்ட சொல்லுங்க. 1975-க்கு அப்புறம் நம்ம நாட்டுல பெரியம்மையே இல்ல, அது அந்த தழும்பால தான். அத்தையே அவங்க பிள்ளைங்கள தூக்கிட்டு சொட்டு மருந்துக்கு வரிசைல நின்னவங்க தான், 2014-ல இந்தியாவுல போலியோ இல்லன்னு அறிவிச்சதுல அவங்க நின்ன வரிசையும் இருக்குன்னு சொன்னப்ப அவங்க முகத்த பார்த்திருக்கணும்.

போற அன்னிக்கு: வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகாதீங்க, மயக்கம் வந்தா ஊசியால தான்னு சொல்லிடுவாங்க. வழக்கமா சாப்பிடற சுகர், பிபி மாத்திரைய நிறுத்த வேணாம். முன்னாடி ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ பெரிய அலர்ஜி வந்திருந்தா நர்ஸ்கிட்ட முதல்லயே சொல்லணும். ஆதார், போன், தண்ணி பாட்டில். ஓடிபி வர்ற போன் யார்கிட்ட இருக்குன்னு வீட்ட விட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே பாருங்க, நிறைய பேர் அது மகன் வேலைக்கு எடுத்துட்டுப் போன போன்ல வரும்னு தெரியாம திரும்பி வந்தாங்க. அரை மணி நேரம் முடியற வரைக்கும் கூடவே உட்காருங்க. மறுநாள் காலைல கட்டாயம் போன் பண்ணுங்க, ரெண்டாவது டோஸுக்கு அவங்க வருவாங்களா இல்லையாங்கறது அந்த ஒரு போன்ல இருக்கு.

எவ்ளோ பேசியும் வேணாம்னு சொல்றவங்க இருப்பாங்க. கோவிச்சுக்காம அவங்க குடுக்கற காபிய குடிச்சுட்டு, அடுத்த கேம்ப் எங்கன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க. அந்த ஆட்டோ அண்ணன் ஆறு மாசம் முடியாதுன்னாரு. 2022 ஜனவரில ஒமிக்ரான் வந்து ஸ்டாண்டுல பாதி பேர் படுத்தப்ப ஒரு ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணி, "தம்பி, நாளைக்கு எங்க போடறாங்க, காலைல சீக்கிரம் போனா கூட்டம் இருக்காதுல்ல"ன்னு கேட்டாரு.