பிள்ளை அமைதியாக இருக்கிறான்: கூச்சமா, ஆட்டிசமா? நாம் செய்யும் தவறுகள்

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி உறவினர்கள் வந்திருக்கிறார்கள். வீட்டின் நாலு வயதுப் பையன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, முறுக்குத் தட்டை நீட்டினாலும் கையை நீட்டவில்லை. "இது ஆட்டிசமா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டு" என்கிறார் சித்தி. "அவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், பள்ளிக்கூடம் போனா சரியாயிடும்" என்கிறார் பாட்டி. பினாங்கில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு இந்த இரண்டு பேச்சும் பழக்கம். இரண்டு பேருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளை எவ்வளவு பேசுகிறான் என்பது. முதல் தவறே அதுதான்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை பெரிய வாயாடியாகவும் இருக்கலாம். என்னிடம் படித்த ஒரு பையன் பழைய ஃபெரிகளின் பெயர்களை வரிசை மாறாமல் சொல்வான், நிறுத்தவே மாட்டான். கேட்பவர் கொட்டாவி விடுவதும், கூட இருக்கும் பிள்ளை பந்தை நீட்டுவதும் அவன் கண்ணில் படாது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேடு இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. ஒன்று, மற்றவரோடு உறவாடுவதிலும் சைகை, முகபாவனை வழியே பேசிக்கொள்வதிலும் உள்ள சிரமம். இன்னொன்று, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள், மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒரே விஷயத்தில் அளவுக்கு மீறிய ஈடுபாடு, ஒலி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது. இவை சின்ன வயதிலேயே தொடங்கி, அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். ஒரே ஒரு அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பயப்படாதீர்கள். தைப்பூசத்தில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் நானே காதைப் பொத்திக்கொள்வேன்.

அடுத்த தவறு, பிள்ளையைக் கூட்டத்தில் வைத்துப் பார்ப்பது. அவனுக்கு மிகவும் பழகிய இடத்தில், பிடித்த ஆளோடு இருக்கும்போது பாருங்கள். கூச்சமுள்ள பிள்ளை அங்கே வேறு பிள்ளையாகிவிடும். விமானம் போனால் விரலால் காட்டி, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பிஸ்கட் வேண்டும் என்று டப்பாவைக் காட்டுவது வேறு, நிலாவை உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுவது வேறு. இந்த இரண்டாவது வகைதான் முக்கியம். ஒன்றரை வயதிலும் அது வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் திரும்புவதில்லை என்றால் கவனிக்க வேண்டும். பொம்மைக்குச் சோறு ஊட்டுவது போன்ற பாவனை விளையாட்டு உண்டா என்றும் பாருங்கள். தனியாக விளையாட விரும்புவது மட்டும் ஒரு குறையே இல்லை. சில பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நண்பன் போதும்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசும், பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் வராது. இப்படியும் பிள்ளைகள் உண்டு. பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைத் தாண்டியும் இது நீடித்தால், ‘செலக்டிவ் மியூட்டிசம்’ எனப்படும் பதற்றப் பிரச்சினையாக இருக்கலாம். எல்லார் முன்னாலும் "சொல்லு, அங்கிளுக்கு குட் மார்னிங் சொல்லு" என்று நெருக்கினால் அது இன்னும் இறுகும். பிள்ளை கேட்கும்படியே "இவன் பேசவே மாட்டான்" என்று ஊருக்கு அறிவிப்பதும் அப்படித்தான்.

நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், பாலர் பள்ளியில் மலாய், ஆங்கிலம். மூன்று மொழி குழப்பிவிட்டது என்று தமிழை நிறுத்திவிடுகிறார்கள். புது மொழிக்குள் நுழையும் பிள்ளை சில வாரமோ சில மாதமோ வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் இரண்டு மொழி கற்றுக்கொள்ள முடியும். தமிழை நிறுத்தினால் பாட்டியோடு இருக்கும் பேச்சும் போய்விடும், அவ்வளவுதான். ஆனால் வீட்டு மொழியிலேயே பேச்சும் சைகையும் பின்தங்கியிருந்தால் மூன்று மொழியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கட்டி, கேட்பது மங்கலாகியிருக்கலாம்.

பெண் பிள்ளையென்றால் "அடக்கமான பொண்ணு" என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். ஆட்டிசம் உள்ள சில சிறுமிகள் தோழிகளைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளிப்பார்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து வெடித்து அழுவார்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் ஆட்டிச அறிகுறிகளை முதற்கட்டமாகப் பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளைத் தந்தால், பிள்ளை எப்போதாவது செய்வதை எப்போதும் செய்வதாக எழுதாதீர்கள். இருபது கேள்விகள் கொண்ட அதன் திருத்தப்பட்ட வடிவம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்காக உருவானது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதை இணையத்தில் நிரப்பி முடிவு கட்டுவது வீண் வேலை. அதில் புள்ளி கூடினாலும் அது நோயறிதல் ஆகாது, மேலும் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தை உறுதிசெய்யாது. ஓகேயூ கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, பயந்து போகாமல் இருப்பவர்களும் உண்டு. அந்தப் பதிவு உங்கள் விருப்பம், யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டால் மட்டும் அடுத்த சோதனை வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

டாக்டர் முன்னால் பிள்ளை வாயே திறக்காது, அல்லது அதிசயமாக நன்றாகப் பேசிவிடும். அதனால் இரண்டு வாரம் வீட்டில் சின்னச் சின்ன வீடியோ எடுத்து வையுங்கள்: சாப்பிடும்போது, விளையாடும்போது, நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. பாலர் பள்ளி ஆசிரியரிடமும் நாலு வரி எழுதி வாங்குங்கள். வீடியோ எடுக்கும்போது டிவியை அணைத்துவிடுங்கள்.