குதிரைக்கு மலிவான நார்த்தீவனம்: திருகோணமலையில் எதை எடுக்கலாம், எதை விடவேண்டும்

தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வெள்ளாமை வெட்டி முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அரிசி ஆலையில் தவிடு இருக்கிறது, வேலியில் சீமைக்கிளுவை இருக்கிறது, பால்மாடு வைத்திருப்பவர் காணியில் சிஓ-3 புல் ஆளுயரம் நிற்கிறது. இவ்வளவும் மலிவு. ஆனால் இவை எல்லாம் மாட்டை மனதில் வைத்து வந்த தீவனங்கள். மாடு அசைபோடும், அதன் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பல நஞ்சுகளைக் குடலுக்குப் போகுமுன்பே உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. நாரை நொதிக்கவைக்கும் வேலை அதற்குப் பெருங்குடலில், கடைசியில்தான் நடக்கிறது. மாட்டுக்கு நல்லதென்று பக்கத்துப் பட்டிக்காரர் தரும் யோசனையில் பாதி குதிரைக்குப் பொருந்தாது, சில கொன்றுவிடும்.

முதலில் எடை

எடை தெரியாமல் தீவனம் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவதுபோல. தராசு தேவையில்லை, தையல்காரரின் அளவுநாடா போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். அளவு சென்ரிமீற்றரில் என்றால் விடை கிலோவில் வரும். சுற்றளவு 142, நீளம் 145 என்றால் ஏறக்குறைய 246 கிலோ. நடுத்தர மட்டக்குதிரை ஒன்றின் எடை அது.

நாளொன்றுக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர்பொருள் (தண்ணீரைக் கழித்த தீவன நிறை) வேண்டும். 250 கிலோவுக்கு 5 கிலோ. மெலியவைக்க வேண்டிய குதிரைக்கும் நார்த்தீவனம் 1.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. பெரிய குதிரையின் இரைப்பையே 8 முதல் 15 லீற்றர்தான் கொள்ளும். அதில் அமிலம் இராப்பகலாகச் சுரந்துகொண்டிருக்கும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வாயில் நார் இல்லாமல் நின்றால் இரைப்பைப் புண் தொடங்க இடமாகிறது. அதனால் ஒரே தடவையில் கொட்டாமல் நாலைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள். பெரிய பங்கு இரவுக்கு.

மலிவு என்பது கட்டின் விலை அல்ல

பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். வைக்கோலில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பச்சைப்புல் கிலோ 10 ரூபா, வைக்கோல் கிலோ 25 ரூபா. உலர்பொருளாகப் பார்த்தால் புல் 50 ரூபா, வைக்கோல் 28 ரூபா. பிறகு வீணாவதையும் கழிக்க வேண்டும். தரையில் போட்டால் குதிரை மிதித்துச் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காது. ஒரு பீப்பாயைப் பாதியாக வெட்டி வைத்தால்கூட அந்த நட்டம் பெருமளவு குறையும். வெட்டிய விளிம்பை மட்டும் நன்றாக மழுக்கிவிடுங்கள்.

ஒரு சொல்லைப் பற்றிய எச்சரிக்கை. வெளிநாட்டுக் குதிரைக்காரர் 'சாஃப்' என்று சொல்வது நறுக்கிய உலர்புல்லை. அகராதியைப் பார்த்துவிட்டு ஆலைக்குப் போய் உமி கேட்டு வாங்கவேண்டாம். உமி சிலிக்கா மிகுந்த முரட்டுத் தோல்; அதில் உணவென்று சொல்ல ஒன்றுமில்லை, குடலைத்தான் உரசும்.

வைக்கோல்

வயிற்றை நிரப்ப, நேரம் போக, அசல் மலிவு இதுதான். புரதம் 3 முதல் 5 சதவீதம் மட்டுமே, அதுவும் மெதுவாகச் செரிக்கும். நார்த்தீவனத்தில் மூன்றிலொரு பங்கு வரை வைக்கோல் இருக்கலாம். அதற்கு மேல் போகப்போக இரைப்பைப் புண்ணும், பெருங்குடலில் கட்டியாக அடைத்துக்கொள்ளும் வயிற்றுவலியும் கூடும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரையிலும் பல் தேய்ந்த கிழக்குதிரையிலும் இது விரைவாக வரும். பாதி மென்ற உருண்டைகள் தீனித்தொட்டியைச் சுற்றிக் கிடந்தால் மிருக வைத்தியரிடம் பல்லைக் காட்டும்வரை வைக்கோலை நிறுத்துங்கள்.

எந்தப் போகத்து வைக்கோல் என்று கேட்டு வாங்குவது நல்லது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வரும். பின்மழை விழுந்தால் வயலிலேயே நனைந்து, மேலே காய்ந்து உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். சிறுபோக வைக்கோல் ஆவணி, புரட்டாதியில், தென்மேற்குக் கச்சான் காற்று வீசுகிற காலத்தில் காய்வதால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். வருடத்துக்கானதை அப்போதே எடுத்து, வாடைமழைக்கு முன் அடுக்கிவிடுவது இலாபம். கட்டை நடுவால் பிரித்துக் கையை உள்ளே விடுங்கள். சூடு, ஈரம், சாம்பல் நிறத் தூள், புளித்த மணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டு மாட்டுக்காரருக்கே போகட்டும். இயந்திரத்தில் வெட்டிய வைக்கோலில் வயல்மண் ஒட்டியிருக்கும்; உதறிப் பார்த்தால் தெரியும்.

தூசி உள்ளதைப் பத்து முதல் முப்பது நிமிடம் தண்ணீரில் அமிழ்த்தி வடித்துக் கொடுங்கள். நம் வெயிலில் நனைத்தது அரை நாளில் புளிக்கும், ஆகவே வேளைக்கு வேளை நனைப்பதே சரி. நறுக்குவதென்றால் 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளம். பொடியாக நறுக்கினால் மெல்லாமல் விழுங்கித் தொண்டையில் அடைக்கும்.

யூரியா தெளித்து மூடிவைத்துப் பதப்படுத்திய வைக்கோல் மாட்டுக்கு அருமையான தீனி. அந்த யூரியாவைப் புரதமாக மாற்றும் முன்வயிறு குதிரைக்கு இல்லை. கொடுக்க வேண்டாம்.

கச்சான் (நிலக்கடலை) கொடி

விலைக்குச் சத்து என்று பார்த்தால் நம் பகுதியில் இதற்கு மேல் ஒன்றில்லை. பலர் வயலோரத்தில் எரித்துவிடுகிறார்கள் என்பதுதான் கொடுமை. புரதம் 10 சதவீதத்துக்கு மேல். கல்சியமும் நிறைய, வைக்கோல், தவிடு, புண்ணாக்கு மூன்றிலும் இல்லாதது அதுதான். பாசிப்பயறு, கௌபிக் கொடிகளும் இந்த வரிசையே.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். வேரோடு பிடுங்கிய கொடியில் மணல் ஏராளம். வேர்ப்பகுதியை வெட்டி எறிந்து, மீதியைப் பலகையில் அடித்து உதறவேண்டும். இரண்டாவது, குவித்துக் காயவைத்தால் நடுவில் கறுக்கும். கம்பிவேலியிலோ பந்தலிலோ தொங்கவிட்டு, தண்டை முறித்தால் சடக்கென்று ஒடியும்வரை காயவிடுங்கள். கடைசியாக மருந்து எப்போது அடித்தது என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் ஏற்ற வேண்டாம்.

புல்லில் ஒளிந்திருக்கும் பெருந்தலை நோய்

சிஓ-3, கினிப்புல், நீர்ப்புல் போன்ற தடித்த வெப்பமண்டலப் புற்களில் ஒக்சலேட் உண்டு. அது புல்லில் உள்ள கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முன்வயிற்றில் அந்தக் கட்டு அவிழ்கிறது. குதிரைக்கு அவிழாமலே சாணத்தோடு போகிறது. உடல் இரத்தத்தின் கல்சியத்தை விட்டுக்கொடுக்காது, எலும்பிலிருந்து உருவி ஈடுசெய்யும். அதனால் இரத்தப் பரிசோதனை நன்றாகவே இருக்கும். இரண்டு முதல் எட்டு மாதத்தில் நடை விறைக்கும், நொண்டல் இன்று ஒரு காலில் நாளை மறு காலில் தெரியும், பிறகு தாடையும் மூக்கெலும்பும் வீங்கும். பால்கொடுக்கும் பெட்டைக்கும் குட்டிக்கும் முதலில் வரும். புல்லோ பச்சைப்பசேலென்று நிற்கும், யாரும் அதைச் சந்தேகிக்கமாட்டார்கள்.

இந்தப் புற்களை அறவே தள்ளத் தேவையில்லை. பச்சைத் தீவனத்தில் பாதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேறு புல் கிடையாதென்றால் ஒரு பங்கு சுண்ணக்கல் தூளும் இரண்டு பங்கு டைகால்சியம் பொஸ்பேட்டும் கலந்து, 250 கிலோக் குதிரைக்கு வாரம் 500 கிராம், அதாவது நாளொன்றுக்கு 70 கிராம். வெறுமனே நக்காது, மொலாசஸ் கலந்தால் தின்னும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு அல்ல, தீவனக் கடையில் விற்கும் கல்சியம் காபனேற்று. நீற்றிய சுண்ணாம்பு வாயையும் குடலையும் அரித்துவிடும்.

குதிரைக்கு மிகவும் ஒத்த புல் நம் காலடியில் கிடக்கும் அறுகு. ஒக்சலேட் குறைவு, காய வைக்கவும் இலகு. பிள்ளையாருக்குப் போக மிஞ்சியதை எல்லாம் குதிரைக்குத் தரலாம். எந்தப் புல்லையும் நறுக்கிக் குவித்து வைக்காதீர்கள்; ஒரு மணி நேரத்தில் குவியல் சூடேறிப் புளிக்கத் தொடங்கும், அது வயிற்றுக்குள் வாயுவாக மாறும். காலையில் ஒரு வெட்டு, மாலையில் ஒரு வெட்டு.

தவிடும் புண்ணாக்கும்

தவிட்டில் பொஸ்பரஸ் கல்சியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். அதுவும் எலும்பை அதே வழியில்தான் உருவும். கொடுப்பதென்றால் நாளுக்கு அரைக் கிலோவுக்குள், ஒவ்வொரு கிலோத் தவிட்டுக்கும் 40 கிராம் கல்சியம் காபனேற்றுக் கலந்து. இங்கே டைகால்சியம் பொஸ்பேட் உதவாது, அதிலும் பொஸ்பரஸ் இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் அதிகம், ஒரு வாரத்திலேயே காறல் அடிக்க ஆரம்பிக்கும். நாக்கில் வைத்துப் பார்த்துக் கசந்தால் எறிந்துவிடுங்கள்.

தேங்காய்ப் புண்ணாக்கு நல்ல கூட்டாளி: புரதம் 20 சதவீதம் அளவில், மாச்சத்துக் குறைவு. 300 கிராமில் தொடங்கி அரைக் கிலோ வரை, ஊறவைத்துக் கொடுங்கள். மஞ்சள், கறுப்புப் புள்ளி, ஊசல் மணம் உள்ளதில் அஃபிளாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கக்கூடும்.

தொடவே கூடாதவை

மாட்டுத் தீவன மூட்டையிலும் கோழித்தீனிலும் மொனென்சின் அல்லது சலினோமைசின் கலந்திருக்கலாம். மாட்டுக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தை அழிக்கும் நஞ்சு. மொனென்சின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போனாலே உயிர் போகலாம். இல்லை என்று உற்பத்தியாளர் எழுத்தில் உறுதி தராத எந்தக் கலவையும் வேண்டாம். ஒரே வாளியில் இரண்டுக்கும் அள்ளுவதும் வேண்டாம்.

சீமைக்கிளுவை, ஆடு விரும்பித் தின்னும் அதே கிளிரிசிடியா, குதிரைக்கு நஞ்சு. இப்பில் இப்பில் கொடுத்தால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். ஆமணக்கு விதையும் அலரி இலையும் கைப்பிடி அளவே போதும் கொல்ல. பூஞ்சணம் பிடித்த சோளப்பொத்தியும் தட்டும் குதிரையின் மூளையைக் கரைக்கும் நோயைத் தரும்; அதற்கு மருந்தில்லை.

நெடுந்தீவுக் குதிரைகள் காய்ந்த புல்லிலேயே வாழவில்லையா என்று கேட்பவர் உண்டு. அவை நாள் முழுதும் நடந்து தேடித் தின்பவை. வறட்சியில் செத்து விழுவதும் செய்தியாகியிருக்கிறது. கட்டிப்போட்ட குதிரைக்குத் தேடும் வழியில்லை.

ஒரு நாள் அளவு

இலேசான வேலை செய்யும் 250 கிலோக் குதிரைக்கு: உலர்ந்த கச்சான் கொடி ஒன்றரைக் கிலோ, வைக்கோல் ஒன்றேகால் கிலோ, சற்று வாடிய அறுகு அல்லது கலப்புப் புல் 10 கிலோ, ஊறிய புண்ணாக்கு 300 கிராம் (காய்ந்த நிறை), உப்பு 15 கிராம், கல்சியம் காபனேற்று 20 கிராம். ஆடி, ஆவணியில் பச்சை அற்றுப்போனால் புல்லை 4 கிலோவாக்கி, கொடியை இரண்டரையும் வைக்கோலை ஒன்றேமுக்காலும் புண்ணாக்கை அரையும் ஆக்குங்கள். தண்ணீர் வெயிற்காலத்தில் 25 முதல் 30 லீற்றர் குடிக்கும். தொட்டி நிழலில் இருக்கட்டும்.

எதை மாற்றினாலும் கால்வாசி கால்வாசியாக, ஒவ்வொரு படிக்கும் மூன்று நான்கு நாள் விட்டு, இரண்டு கிழமையில் மாற்றுங்கள். பெருங்குடலின் நுண்ணுயிர் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் எடுக்கும். கிழமைக்கு ஒருமுறை நெஞ்சுச் சுற்றளவை அளந்து சுவரில் எழுதிவையுங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள்.

உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியாப் பக்க மணல்தரையில் கட்டிப்போட்டவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. மாதம் ஒருமுறை, தரையைத் தொடாத ஆறு சாண உருண்டைகளைப் போத்தலொன்றில் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்து இருபது நிமிடம் வையுங்கள். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் படிந்தால் தொட்டியின் கீழ் ரப்பர் விரிப்புப் போட்டு, நார்த்தீவனத்தைக் கூட்டி, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். குதிரை விலாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு தரையைக் கீறினால் இருபது நிமிடம் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள்.