முதியோர் இல்லச் சமையலறை: பிளெண்டரின் அடி வாஷரைக் கவனியுங்கள்

விழுங்கச் சிரமப்படும் முதியோருக்கு உணவை மசித்துத் தரும் பிளெண்டர், முதியோர் இல்லச் சமையலறையில் மிகுந்த கவனம் தேவைப்படும் கருவி. வெளியே பளபளவென்று இருக்கும். பிளேடுக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷரைக் கழற்றினால் பழைய உணவு பிசுபிசுவென ஒட்டியிருக்கும். கிருமிகள் பெருக அந்த ஈரமே போதும். ஜாரில் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதால் அந்த இடுக்கு சுத்தமாகாது.

ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜார், பிளேடு, வாஷர், மூடி எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து, சோப்பு போட்டுத் தேய்த்து அலசுங்கள். பிறகு 4 லிட்டர் தண்ணீரில் வாசனை சேர்க்காத 5% பிளீச் (கிருமியைக் கொல்லும் குளோரின் கலந்த திரவம்) 5 மில்லி கலந்து, அதில் ஒரு நிமிடம் முழுதாக மூழ்க வையுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். அதனால் இந்த வரிசை மாறக்கூடாது. துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட்டு மீண்டும் பொருத்துங்கள். விரிசல் விட்ட வாஷரை எவ்வளவு கழுவியும் பயனில்லை, அன்றே மாற்றிவிடுங்கள்.

அரைக்கும்போது உணவு ஆறிவிடும் என்பதும் முக்கியம். மறுபடி 74 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வெப்பமானியை நடுவில் செருகிப் பாருங்கள். பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஊட்டுவதற்கு முன் தட்டிலேயே ஆறவிடுங்கள். முதியோரின் வாய் எளிதில் வெந்துவிடும்.