டேட்டிங் டிப்ஸ் தேடறதுக்கு முன்னாடி ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க

மொதல்லயே சொல்லிடறேன், பொண்ணுங்ககிட்ட என்ன பேசணும், எப்படி மெசேஜ் ஆரம்பிக்கணும்னு இதுல ஒண்ணும் இருக்காது. அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வேலை இருக்கு, நம்ம பிரச்சனை என்னன்னு ஒரு நோட்டுல எழுதி கண்டுபிடிக்கறது, அதை நான் ரொம்ப வருஷம் செய்யவே இல்ல. ஜிம்ல சேர்ந்தேன், ஹேர்கட் மாத்தினேன், ரெண்டு ஆப்ல ப்ரொஃபைல் போட்டேன், கண்ணைப் பார்த்து பேசறது எப்படின்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடியோ பார்த்தேன், எதுவும் வேலைக்கு ஆகல, ஏன்னா எனக்கு என்ன பிரச்சனைன்னே எனக்குத் தெரியாது. என்ன பண்ணுதுன்னு சொல்லாம மெடிக்கல்ல போய் "அண்ணா ஏதாச்சும் மாத்திரை குடுங்க"ன்னு நிக்கிற கதைதான்.

என் கதை உங்களுக்கும் தெரிஞ்சதா இருக்கும். ஆறாவதுல இருந்து பாய்ஸ் ஸ்கூல். அப்புறம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், பேரு வேணாம், அங்க லைப்ரரில கூட பசங்களுக்கு தனி டேபிள், காலேஜ் பஸ்ல பொண்ணுங்க முன்னாடி பசங்க பின்னாடி, ஒரு பொண்ணுகிட்ட நோட்ஸ் கேட்டா மறுநாள் ஹெச்ஓடி ரூம்ல நிக்கணும். நாலு வருஷம் அப்படி இருந்துட்டு 22 வயசுல ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில உக்கார வெச்சு "டீமோட மிங்கிள் ஆகுங்க"ன்னா எப்படி ஆகறது? ஆனா இதை ஒரு சாக்கா பிடிச்சுக்கிட்டு நான் 27 வரைக்கும் ஓட்டினேன், அது என் தப்பு.

சரி, வேலைக்கு வருவோம்.

ஸ்டெப் 1: 14 நாளைக்கு எண்ணுங்க

"நான் வேஸ்ட்", "எனக்கு பேச வராது", "நான் ஒரு மாதிரி இன்ட்ரோவெர்ட்" இதெல்லாம் எழுதக்கூடாது. இது நம்மளே நமக்கு எழுதிக்கிட்ட தீர்ப்பு, இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தர்கிட்ட பேச வாய்ப்பு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி, எண்ணிக்கை மட்டும் எழுதுங்க. ஒவ்வொரு வரிலயும் இவ்வளவுதான்: எங்க, யாரு, பேசறதுக்கு முன்னாடி பயம் பத்துக்கு எவ்வளவு, பேசினேனா நழுவிட்டேனா, யாரு ஆரம்பிச்சாங்க, எத்தனை நிமிஷம்.

பயத்தையும் நழுவறதையும் ஏன் தனித்தனியா எழுதச் சொல்றேன்னா, டாக்டருங்களும் அப்படித்தான் பார்க்கறாங்க. மைக்கேல் லீபோவிட்ஸ்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர் 1987ல சமூகப் பதட்டத்தை, அதாவது மத்தவங்ககிட்ட பழகறப்ப வர்ற பயத்தை, அளக்க ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தாரு, அதுல 24 சூழ்நிலை இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் பயம் எவ்வளவு, தவிர்க்கிறது எவ்வளவுன்னு ரெண்டு மார்க். சில பேருக்கு கை நடுங்கும் ஆனா போய் பேசிடுவாங்க. சில பேருக்கு பயமே தெரியாது, ஏன்னா பயம் வர்ற இடத்துக்கே அவங்க போறதில்ல. ரெண்டாவது வகை ஆளு தன்னை ரொம்ப கூலான ஆளுன்னு நெனச்சுக்குவான்.

என் நோட்டுல இருந்து ரெண்டு வரி அப்படியே போடறேன்:

செவ்வாய். லிஃப்ட். ஹெச்ஆர்ல இருக்கறவங்க. பயம் 7. நழுவிட்டேன், போனை எடுத்துப் பார்த்தேன். லாக் ஸ்க்ரீன் மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன்.

வியாழன். டீக்கடை. மாஸ்டர். பயம் 0. நாலு நிமிஷம். அவர்தான் ஆரம்பிச்சாரு.

14 நாள் முடிஞ்சு கூட்டிப் பார்த்தா வீட்டு ஆளுங்க, ரூம்மேட்ஸ் தவிர்த்து நானா ஆரம்பிச்ச பேச்சு மூணு. அதுல வேலை சம்பந்தம் இல்லாம ஒரு பொண்ணுகிட்ட பேசினது ஒண்ணே ஒண்ணு, அதுவும் பஸ்ல "இங்க யாராச்சும் வர்றாங்களா?". நழுவினது ஒம்போது. இத்தனை வருஷமா "பொண்ணுங்களுக்கு என்னைப் பிடிக்கல"ன்னு புலம்பிட்டு இருந்தேன், பிடிக்கலைன்னு சொல்றதுக்கு நான் யாருக்குமே வாய்ப்பு குடுக்கலன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஸ்டெப் 2: உங்களுக்கு எந்த வகைன்னு பிரிங்க

இதுதான் மொத்த போஸ்ட்லயும் முக்கியமான இடம், இங்க கொஞ்சம் பொறுமையா படிங்க.

நோட்டை எடுத்துப் பாருங்க. பயம் எல்லாம் மூணு நாலுதான், ஆனா பேச்சு ஒவ்வொண்ணும் ரெண்டு நிமிஷத்துல செத்துப் போகுதுன்னா உங்களுக்கு பழக்கம் இல்ல, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்கு தன்னம்பிக்கை கிளாஸ் எதுக்கு, ஓட்டிப் பழகணும்.

பயம் ஏழு எட்டு, நழுவினது நெறைய, ஆனா ரூம்ல நாலு பசங்களோட உக்காந்தா நீங்கதான் கலாய்க்கிற ஆளுன்னா, பேசற திறமை உங்ககிட்ட இருக்கு, பயம் அதை மூடி வெச்சிருக்கு. இவங்களுக்கு பேச்சு டிப்ஸ் குடுத்தா இன்னும் மோசமாகும், ஏன்னா மனப்பாடம் பண்ணினதை சரியா சொன்னோமான்னு உள்ள ஒரு எக்ஸாம் ஓடிட்டே இருக்கும், எதிர்ல இருக்கறவங்க சொல்றது காதுல விழாது. நான் இந்த வகை.

மூணாவது வகைதான் யாருக்கும் தோணாது. பயம் கம்மி, பேச்சும் நல்லாத்தான் போகுது, ஆனா 14 நாள்ல நோட்டுல மொத்தமே அஞ்சு வரிதான் இருக்கு. ரூம், ஆபீஸ், ரூம், ஞாயித்துக்கிழமை பிரியாணி, தூக்கம். உங்களுக்கு ஒரு குறையும் இல்ல சாமி, நீங்க ஆளுங்க இருக்கற எடத்துக்குப் போகல, அவ்வளவுதான். வாரம் ரெண்டு நாள் பேட்மின்டன் கோர்ட், ஒரு ட்ரெக்கிங் குரூப், பீச்ல காலைல ஓடற கூட்டம், ஏதோ ஒண்ணு. ஆறு மாசம் ஆப்ல ஸ்வைப் பண்ணி மனசை நோகடிச்சுக்கறத விட இது எவ்வளவோ மேல்.

பொண்ணுங்க இதைப் படிக்கறீங்கன்னா ஒரு விஷயம். ராத்திரி தெரியாத ஆளுகூட பேச்சை வளர்க்காம நழுவினதை எல்லாம் பயம்னு எழுதி உங்களுக்கு நீங்களே மார்க் குறைச்சுக்காதீங்க. அது எச்சரிக்கை, அதுக்கு தனியா ஒரு குறி போட்டு கணக்குல இருந்து எடுத்துடுங்க.

ஸ்டெப் 3: நீங்க நெனச்சது எவ்வளவு, நடந்தது எவ்வளவு

அடுத்த வாரம் இன்னொரு கட்டம் சேருங்க. பேசறதுக்கு முன்னாடி "என்ன ஆகும்னு நெனைக்கறேன்", பேசி முடிச்சப்புறம் "என்ன ஆச்சு". மனசு போடற கணக்கு எவ்வளவு தப்புன்னு இதுல தெரியும்.

கார்னெல் யுனிவர்சிட்டில தாமஸ் கிலோவிச்சும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு வேடிக்கையான சோதனை பண்ணாங்க, 2000ல வெளிவந்துச்சு. ஸ்டூடன்ட்ஸ்கிட்ட பேரி மேனிலோன்னு ஒரு பாடகர் படம் போட்ட, போட்டாலே மானம் போற மாதிரி ஒரு டீஷர்ட்டை மாட்டி ரூமுக்குள்ள அனுப்பினாங்க. ரூம்ல இருக்கறதுல கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு போட்டுட்டுப் போனவங்க நெனச்சாங்க, உண்மையில கவனிச்சது கால்வாசிப் பேர்தான். நம்ம சட்டைல சாம்பார் கொட்டினதும் இதே கதைதான். அதே மாதிரி 2018ல வந்த இன்னொரு ஆராய்ச்சில, மொத மொத சந்திச்சு பேசின ரெண்டு பேர்ல ஒவ்வொருத்தரும் மத்தவருக்கு தன்னை எவ்வளவு பிடிச்சுதுங்கறத கம்மியா எடை போடறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. ஆக "சொதப்பிட்டேன்"னு உங்களுக்குத் தோணறது சாட்சி ஆகாது.

ஆனா இதைப் படிச்சுட்டு "அப்ப நான் சூப்பர்தான்"னு கெளம்பிடாதீங்க. தப்பு கணக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, அதுக்குத்தான் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 4: உங்க குரலை ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க

ஒரு ஃப்ரெண்ட்கிட்ட விஷயத்தைச் சொல்லி, அனுமதி வாங்கிட்டு, 15 நிமிஷம் சாதாரணமா பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. சொல்லாம பண்றது கேவலமான வேலை, வேணாம். மறுநாள் கேளுங்க. மொதல்ல "என் குரலா இது, தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கே"ன்னு தோணும், பயப்படாதீங்க. நாம பேசறப்ப நம்ம குரல் மண்டை எலும்பு வழியாவும் காதுக்கு வரும், அதனால நமக்கு கனமா கேக்கும். ரெக்கார்டிங்ல அது கிடையாது. மத்தவங்க இத்தனை நாளா கேட்டுட்டு இருக்கறது இந்தத் தகரக் குரலைத்தான், யாரும் ஓடிப் போயிடல.

குரலை விடுங்க, இதை எண்ணுங்க: எத்தனை கேள்வி கேட்டீங்க, அதுல எதிராளி சொன்ன பதிலை வெச்சு கேட்ட கேள்வி எத்தனை, எத்தனை தடவை குறுக்க விழுந்தீங்க. நடுவுல இருக்கறதுதான் முக்கியம். ஹார்வர்டுல 2017ல வந்த ஒரு ஆராய்ச்சில ஸ்பீட் டேட்டிங் பேச்சுகளை எடுத்துப் பார்த்தப்ப, பதிலை ஒட்டி அடுத்த கேள்வி கேட்டவங்களுக்குத்தான் ரெண்டாவது சந்திப்புக்கு சம்மதம் அதிகமா கெடச்சுது.

நான் என்னை "நல்லா காது குடுத்து கேக்கற ஆளு"ன்னு ரொம்ப பெருமையா நெனச்சுட்டு இருந்தவன். 15 நிமிஷத்துல நான் கேட்ட கேள்வி நாலு, பதிலை ஒட்டிக் கேட்டது பூஜ்யம், குறுக்க விழுந்தது பதினொண்ணு. என் ஃப்ரெண்ட் அவன் அப்பாவுக்கு கண் ஆபரேஷன்னு ஆரம்பிக்கறான், நான் "ஆமா ஆமா, எங்க மாமாவுக்கும்"னு ஆரம்பிச்சு மூணு நிமிஷம் எங்க மாமா கதை. அவங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதான்னு நான் கேக்கவே இல்ல. ரெக்கார்டிங்ல அவன் "ஓ... ஓகே ஓகே"ன்னு சொல்ற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஸ்டெப் 5: மூணு பேர்கிட்ட கேளுங்க, ஆனா அம்மாகிட்ட வேணாம்

அம்மா "உனக்கென்னடா ராசா மாதிரி இருக்க"ன்னுதான் சொல்லுவாங்க. உங்களை வேணாம்னு சொன்ன பொண்ணுகிட்டயும் கேக்காதீங்க, உங்களுக்கு விளக்கம் எழுதிக் குடுக்கறது அவங்க வேலை கிடையாது. உங்களால லாபமும் இல்லாத, உங்களைப் பார்த்து பயமும் இல்லாத ஆளைப் பிடிங்க. கேள்வியும் "நான் எப்படிப்பட்ட ஆளு?"ன்னு இருந்தா "நல்ல பையன்தான்"னு முடிஞ்சுடும். "நான் ஒரு கூட்டத்துல இருக்கறப்ப எரிச்சலா இருக்கற ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க" இப்படிக் கேளுங்க.

நான் எங்க பெரியப்பா பொண்ணுகிட்ட கேட்டேன், அக்கா ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

"டேய், நீ யாரு பேசினாலும் அடுத்து நீ என்ன பேசலாம்னே பார்த்துட்டு இருக்க. மூஞ்சில தெரியுதுடா."

"அப்படியாக்கா, நான் வந்து"

"பாரு, இப்பக்கூட முடிக்க விடல."

யாராச்சும் இப்படிச் சொன்னா விளக்கம் குடுக்காதீங்க, "சரி, தேங்க்ஸ்"னு சொல்லிட்டு நோட்டுல எழுதுங்க. விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா அடுத்த தடவை உண்மை வராது. மூணு பேர்ல ரெண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னா அது நெஜம். ஒருத்தர் மட்டும் சொன்னா ஓரமா வெச்சுக்குங்க.

ஸ்டெப் 6: உடம்பு, துணி

சீக்கிரம் முடிச்சிடறேன். சென்னை வெயில்ல சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க மேல என்ன வாசனை வருதுன்னு ரூம்மேட்கிட்ட கேளுங்க. பல்லு மட்டும் இல்லாம நாக்கும் வழிக்கணும். சட்டை தோள்ல சரியா உக்காருதான்னு பாருங்க. கண்ணாடிய நம்பாதீங்க, அதுல இடம் வலம் மாறித் தெரியும், நமக்கு பழகின மூஞ்சி அதான், அதனாலதான் போட்டோல நாம விகாரமா இருக்கற மாதிரி தோணுது. உங்களுக்குத் தெரியாம ஃப்ரெண்ட் எடுத்த நாலு போட்டோவைப் பார்த்து முடிவு பண்ணுங்க. உயரத்தையும் கலரையும் நோட்டுல எழுதவே எழுதாதீங்க, மாத்த முடியாததுக்கு எதுக்கு ஒரு வரி.

ஸ்டெப் 7: ரெண்டு சங்கடமான கேள்வி

ஒண்ணு, உங்களுக்கு உண்மையில என்ன வேணும்? பேச ஒரு துணையா, கல்யாணமா, இல்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் ஆள் இருக்குன்னு ஒரு பொறாமையா? வீட்டுல ஜாதி விட்டு ஒத்துக்க மாட்டாங்க, எதிர்த்து நிக்கற தைரியமும் நமக்கு இல்லன்னா, அதை இப்பவே எழுதுங்க. ரெண்டு வருஷம் பழகிட்டு "அம்மா அழறாங்க"ன்னு சொல்ற ஆளா இருந்தா, பாதிக்கப்படறது நீங்க மட்டும் இல்ல.

ரெண்டு, கடைசியா யாராச்சும் உங்களை வேணாம்னு சொன்னப்ப அடுத்த ஏழு நாள் என்ன பண்ணீங்க? நாள் வாரியா எழுதுங்க. வருத்தப்பட்டேன், தூங்கல, ஃப்ரெண்ட்கிட்ட அழுதேன், இதெல்லாம் சகஜம். திரும்பத் திரும்ப மெசேஜ் போட்டேன், வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டேன், பஸ் ஸ்டாப்ல போய் நின்னேன்னு வந்தா நோட்டை அங்கயே நிறுத்திட்டு இதைத்தான் மொதல்ல சரி பண்ணணும். பின்னாடியே சுத்தினா மனசு மாறும்னு நமக்கு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க. வேணாம்னு சொன்னப்புறமும் ஒரு பொண்ணைத் தொடர்ந்து போறது, திரும்பத் திரும்ப தொடர்பு கொள்றது பாரதிய நியாய சன்ஹிதா 78வது பிரிவுல குற்றம், மொத தடவைக்கே மூணு வருஷம் வரை ஜெயில் இருக்கு. சட்டத்தை விடுங்க, அந்தப் பொண்ணு அந்த பஸ் ஸ்டாப்பையே மாத்திக்கணும்னு யோசிப்பா, அதை யோசிச்சுப் பாருங்க.

ஸ்டெப் 8: நோட்டு போதாதுன்னா

14 நாள்ல பயம் எல்லாமே எட்டுக்கு மேல, கடைல மீதி சில்லறை கேக்கக்கூட முடியல, மீட்டிங் இருந்தா லீவு போடறீங்க, இல்ல வாழவே பிடிக்கலன்னு தோணுதுன்னா, நீங்களே உங்களை அளக்கறதை நிறுத்திட்டு ஒரு சைக்காலஜிஸ்ட்டையோ மனநல மருத்துவரையோ பாருங்க. சமூகப் பதட்டத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கு. எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு மத்திய அரசு நடத்தற மனநல ஹெல்ப்லைன், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

ஸ்டெப் 9: ஒரே ஒரு வரி

நோட்டு முழுக்க படிச்சா சரி பண்ண வேண்டியது இருபது தெரியும். ஒண்ணை மட்டும் எடுங்க, அதுவும் எண்ணக்கூடியதா. "கான்ஃபிடன்டா இருக்கணும்" செல்லாது. நான் எடுத்தது: ஒரு நாளைக்கு ஒரு பேச்சுல, எதிராளி பதில் சொல்லி முடிச்சப்புறம், அந்தப் பதில்ல இருந்தே ஒரு கேள்வி. ஒரு மாசம். மொத கேள்வி அந்த ஃப்ரெண்டுக்குத்தான் போச்சு, போன் பண்ணி அப்பா கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டேன், ஆபரேஷன் முடிஞ்சு அப்ப ஏழு வாரம் ஆகியிருந்துச்சு.

ஒரு மாசம் கழிச்சு அதே கட்டங்களோட திரும்ப 14 நாள் எண்ணுங்க. பழைய பக்கத்தைக் கிழிக்காதீங்க. நோட்டை மட்டும் பூட்டி வைங்க, என்னோடது ரூம்மேட் கைல சிக்கி, லிஃப்ட் வரிக்குப் பக்கத்துல செவப்பு பேனால "லாக் ஸ்க்ரீன் நல்லாருந்துச்சா?"ன்னு எழுதி வெச்சிருக்கான்.