தர்பூசணி எப்போது பறிக்கலாம்?

திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலில் தை மாதம் ஊன்றிய தர்பூசணி 80–90 நாளில் பறிப்புக்கு வரும். தட்டிப் பார்க்கும் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது காதுக்குக் காது மாறும். காய்க்காம்பை ஒட்டிய பற்றுக்கம்பி (கொடி பற்றிப் படரும் சுருள் இழை) காய்ந்து சுருண்டிருக்க வேண்டும். மண்ணில் படிந்த அடிப்பக்கம் வெள்ளை மாறி வெண்ணெய் மஞ்சளாகி இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கத்தி வையுங்கள்; பறித்த பிறகு இனிப்பு ஏறாது. பறிப்புக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். காயப்போட்டுவிட்டு ஒரேயடியாகப் பாய்ச்சினால் தோல் வெடித்துவிடும்.

வீட்டுக்குள் அழகுக்கு வேண்டுமென்றால் தர்பூசணி பெப்பரோமியா என்ற தொட்டிச்செடியை வையுங்கள். இலையில் அப்படியே காய்த்தோல் வரி, காம்பு சிவப்பு. பழம் எதிர்பார்க்காதீர்கள்! மேல்மண் ஓரங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், இல்லையென்றால் வேர் அழுகும். பங்குனி வெயில் நேரே பட்டால் இலை கருகும்.