வீட்டுக்கு ஒரே பாத்ரூம், அதில் வயசான ஒருவர்: விழாமல் இருக்கச் செய்யவேண்டிய வேலைகள்

எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து எங்களோடு தங்கத் தொடங்கியதும் அதை மாற்றவேண்டி வந்தது. அவருக்கு எண்பதை எட்டுகிற வயசு, முழங்கால் வருத்தம், பிரஷர் மருந்து. ஷவரில் குளிக்கமாட்டார், வாளியும் கோப்பையும்தான். அதே இடத்தில் என் சின்ன மகன் சவர்க்காரத்தைத் தரையில் விட்டுவிட்டு ஓடுவான்.

டைல்ஸ் உடைத்துப் புதிதாகக் கட்டுகிற ஆக்களுக்கு இந்தப் பதிவு உதவாது. இருக்கிற பாத்ரூமில் கொஞ்சத் துளைகளும் கொஞ்சச் சாமான்களும் வைத்துச் செய்யக்கூடியதைத்தான் எழுதுகிறேன். ட்ரில் மெஷின் பிடிக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதென்றால் மேசன் பாஸைக் கூப்பிடுங்கள். ஆனால் எந்த இடத்தில் துளைப்பது என்ற முடிவை அவரிடம் விடவேண்டாம். அந்த முடிவு உங்களுடையதும் இல்லை, குளிக்கிறவருடையது.

1. கடைக்குப் போகமுதல் பொட்டு ஒட்டுங்கள்

ஒட்டுப்பொட்டு ஓர் அட்டை எடுங்கள். பகலில், தரை நன்றாகக் காய்ந்திருக்கும்போது, உடுப்போடு எல்லாவற்றையும் செய்து காட்டச் சொல்லுங்கள். கதவைத் திறந்து உள்ளே கால் வைப்பது, கொமட்டில் இருந்து எழும்புவது, குளிக்கிற பக்கம் திரும்புவது, குனிந்து கோப்பையால் அள்ளுவது, துவாய் எடுப்பது. கை எதையாவது பிடிக்கப் போகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொட்டு. நீங்கள் வாய் திறக்கக்கூடாது. "இதைப் பிடியுங்கோ மாமி" என்று சொன்னால் சொன்னதைப் பிடிப்பார், தனியே போகும்போது பிடிக்கமாட்டார்.

மாமி முதலில் மறுத்தார். "எனக்கென்ன பிள்ளை, நடக்கேலாமலே கிடக்கிறன்?" பிறகு பேத்தி பொட்டு ஒட்டுகிறாள் என்றதும் விளையாட்டுப்போல வந்துவிட்டார். கடைசியில் பார்த்தால் அதிகமான பொட்டுகள் துவாய் போடுகிற கம்பியில். அந்தக் கம்பி இரண்டு பக்கமும் சின்ன ஸ்குரூவில் தொங்குகிறது. ஈரத்துவாய் தாங்கும், ஆளைத் தாங்காது. அடுத்தது கைகழுவும் பேசினின் விளிம்பு. அதுவும் சுவரில் பொருத்தின சாமான், பாரம் போட்டால் பெயர்ந்து வரும்.

இதற்குப் பிறகுதான் அந்த இடங்களில் பூட்டுகிற பிடிகம்பியின் உயரம். இணையத்தில் தேடினால் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்று வரும். அது அமெரிக்காவில் பொது இடங்களுக்கு எழுதின விதி. மாமி ஐந்தடிக்கும் குறைவு. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம், கிடையாகப் பூட்டுகிற கம்பிக்கு நல்ல தொடக்கம். அதோடு பொட்டு ஒத்துவராவிட்டால் பொட்டை நம்புங்கள்.

2. தரை

ரப்பர் பாய் எனக்குப் பிடிக்காது. அடியில் இருக்கிற உறிஞ்சிகள் வழுவழுப்பான டைல்ஸில்தான் ஒட்டும். டைல்ஸ் சொரசொரப்பாக இருந்தாலோ இடையில் கோடு வந்தாலோ பாயே ஆளோடு சறுக்கும். ஆறு பேர் குளிக்கிற இடத்தில் அது காயவும் காயாது, ஒரு கிழமையில் அடியில் பாசி. குளிக்கிற இடத்தில் மட்டும் வழுக்காத ஒட்டுப் பட்டிகளை ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக ஒட்டினோம். ஒட்டமுதல் தரையில் எண்ணெய்ப்பசை துளியும் இருக்கக்கூடாது.

எண்ணெய் என்றதும் ஒன்று. சனிக்கிழமை நல்லெண்ணெய் முழுக்கு இருக்கிற வீடுகளில் ஆபத்தான ஆள் எண்ணெய் வைத்தவர் அல்ல, அவருக்கு அடுத்ததாக உள்ளே போகிறவர். எங்கள் வீட்டில் இப்போது சட்டம்: முழுக்குக்காரர் கடைசியில்தான் குளிக்கவேண்டும், முடிந்ததும் சவர்க்காரத் தூள் போட்டுத் தரையைத் தேய்த்துவிடவேண்டும். மற்ற நாட்களில் யார் குளித்தாலும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வரலாம். மாமி வந்ததால் பிள்ளைகளுக்குப் புதிதாக வந்த வேலை இது ஒன்றுதான், அதற்கே பெரிய முறைப்பாடு.

டைல்ஸ் மாற்றுகிற எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பது சப்பாத்துக் காலோடு சோதித்த வழுக்காத்தன்மை அளவு. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு வகுப்பு இருக்கிறது. குளிக்கிற இடத்துக்குப் 'பி' கேளுங்கள். சின்னச் சின்ன டைல்ஸ் நல்லது, இடையில் கோடு கூட இருப்பதால் காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும்.

3. கம்பி வாங்குவது

பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 'கிராப் பார்' என்று கேளுங்கள். பருமன் 32 முதல் 38 மில்லிமீற்றர், சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம். இடைவெளி அதைவிடக் கூடினால் முழங்கைவரை கை உள்ளே போய் மாட்டும். கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பலமாக ஒட்டினால் வேண்டாம்: பெரும்பாலும் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. கடற்கரைப் பக்கக் காற்றுக்கு அது நிற்காது. ஒட்டாவிட்டால் உடனே நல்லதென்றும் இல்லை, மலிவான ஸ்டெயின்லஸ் வகைகளிலும் காந்தம் ஒட்டாது; நல்ல ரக ஸ்டெயின்லஸின் இலக்கமான 304 எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்குரூவும் ஸ்டெயின்லஸாக இருக்கவேண்டும். கம்பியோடு பெட்டியில் வருகிற ஸ்குரூவை நான் பாவிப்பதில்லை.

உறிஞ்சியால் ஒட்டுகிற கம்பிகளை வாங்கவே வாங்காதீர்கள். துளையில்லாமல் முடிந்துவிடுமே என்று ஆசையாக இருக்கும். காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் கழன்றிருக்கும், பிடித்த பிறகுதான் தெரியும். கம்பியே இல்லாவிட்டால் ஆள் கவனமாக நடப்பார். கம்பி இருக்கிறதென்று நம்பிப் பாரத்தைப் போட்டபின் அது கையோடு வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

4. சுவர் என்ன சுவர்?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கொழும்பு மாடிக்குடியிருப்புகளில் தூண் கொங்கிரீட்டாக இருக்கும், வெளிச்சுவர் ஒன்றாக இருக்கும், பாத்ரூமைப் பிரிக்கிற உட்சுவர் பல இடங்களில் உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லாக இருக்கும். மூன்றுக்கும் வெளியே ஒரே டைல்ஸ். எங்கள் கொமட் பக்கச் சுவர் அந்தப் பொந்துக்கல்தான். சாதாரண ரோல் பிளக் (ஸ்குரூவைப் பிடிக்கத் துளையில் செருகுகிற பிளாஸ்டிக் குழல்) அதில் சுற்றிக்கொண்டே இருந்தது, இறுகவில்லை.

சுவரைக் கண்டுபிடிக்கத் தூளைப் பாருங்கள். கம்பியின் தட்டு மூடுகிற இடத்தில் ஒரு சின்னத் துளை போடுங்கள். முதலில் டைல்ஸ் தூள், அடுத்து ஒட்டின சீமெந்தின் தூள். அதற்குப் பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில், ஒரே சீராக, கடினமாகப் போனால் கொங்கிரீட் அல்லது பொந்தில்லாத கல். சாம்பல் நிறம் வந்து திடீரென்று ட்ரில் தடையில்லாமல் உள்ளே விழுந்தால் பொந்துக்கல்.

செங்கல், கொங்கிரீட் என்றால் கவலையில்லை. துளைக்குமிடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் பிட் போட்டு, ஹேமர் நிற்பாட்டி, மெதுவாக. டைல்ஸ் தாண்டின பிறகுதான் சுவர் பிட். ரோல் பிளக் முழுக்க டைல்ஸுக்கு உள்ளே, சுவரில் இருக்கவேண்டும். டைல்ஸும் சீமெந்துமாகச் சேர்ந்தே ஓர் அங்குலம் வரலாம், அதனால் ஒன்றரை அங்குல ஸ்குரூ சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். மூன்று அங்குலம் போடுங்கள். பிளக் டைல்ஸுக்குள் நின்று விரிந்தால் டைல்ஸ் வெடிக்கும்.

பொந்துக்கல் என்றால் மூன்று வழி. சுவரின் மறுபக்கம் உங்கள் அறைதான் என்றால் ஊடாகத் துளைத்து, மறுபக்கத்தில் ஸ்டெயின்லஸ் தகடு வைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கலாம். அழகில்லை, ஆனால் இதைவிடப் பலமானது இல்லை. எங்கள் வீட்டில் இதைத்தான் செய்தோம். தகடுகளை அலுமாரி மறைக்கிறது. இரண்டாவது வழி, அந்த இடத்து டைல்ஸைக் கழற்றி, கல்லின் பொந்தைக் கொங்கிரீட்டால் நிரப்பி, நன்றாக இறுகவிட்டுப் பிறகு துளைப்பது. மூன்றாவது, வலைக்குழல் செருகி உள்ளே பசை அடித்து இறுகவைக்கிற முறை. அது செய்து பழகிய ஆள் வேண்டும். எந்த வழியானாலும் இந்தக் கல்லில் ஹேமர் போடவேண்டாம், உட்பக்கம் உடைந்து விழும்.

பைப்பைப் பற்றி: குழாய், ஷவர், கீசர் இவற்றுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் நேர் பக்கத்திலும் துளைக்காதீர்கள். தண்ணீர்ப் பைப்பும் வயரும் பெரும்பாலும் அந்த நேர்கோடுகளில்தான் ஓடும். தரையில் துளையே வேண்டாம், நீர்த்தடைப் பூச்சு கிழிந்தால் கீழ்வீட்டுச் சீலிங்கில் தெரியும். மாடிவீடென்றால் சத்தம்போடக்கூடிய நேரத்தை முகாமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கம்பி ஏறியதும் தட்டைச் சுற்றி சிலிக்கோன். அது காய்ந்த பிறகு வீட்டில் பாரமான ஆளைக் கூப்பிட்டு முழுப்பலத்தோடு இழுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது இவர், என் கணவர். "மாமியார் வீட்டுக்கு வந்ததுக்கு இதுதான் வேலையா" என்று கேட்டார், அவருடைய சொந்த அம்மாவுக்கே என்பதை மறந்து.

5. இருக்கையும் வாளியும்

தோட்டத்துப் பிளாஸ்டிக் கதிரையைக் குளிக்கப் போடாதீர்கள். ஈர டைல்ஸில் அதன் கால்கள் விரிந்துகொடுக்கும். அலுமினியக் கால், உயரம் மாற்றக்கூடியது, நுனியில் அகலமான ரப்பர் உள்ள குளியல் கதிரைதான் வேண்டும். உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் படுகிற உயரத்துக்கு வையுங்கள்.

வாளியைத் தரையில் வைத்தால் கதிரையில் இருந்துகொண்டு குனியவேண்டும், தலை சுற்றும். பலமான தாழ்ந்த ஸ்டூலில் வாளியை ஏற்றி மடி உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். கைஷவரும் ஒன்று பூட்டிக்கொடுத்தோம். மாமி அதைத் தொடுவதில்லை. தலையில் வார்த்தால்தான் குளித்த மாதிரியாம். இருக்கட்டும், பிள்ளைகள் பாவிக்கிறார்கள்.

கொமட்டில் இருந்து எழும்பக் கஷ்டமென்றால் மேலே பூட்டுகிற உயர்த்தி இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் என்றைக்காவது ஒருநாள் சரியாகப் பூட்டாமல் விடுவார்கள். பலர் பாவிக்கிற கொமட்டுக்குச் சுற்றிவர நிற்கிற கைபிடிச் சட்டம்தான் என் தெரிவு, அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

6. கதவு, வெளிச்சம், கரண்ட்

உள்ளே திறக்கிற கதவுக்குப் பின்னால் ஆள் விழுந்தால் கதவைத் தள்ளமுடியாது. வெளியே திறக்கும்படி மாற்றுங்கள். பி.வி.சி. கதவென்றால் பெரிய வேலையில்லை. உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பக்கூடிய பூட்டுப் போடுங்கள்.

வாசலில் இருக்கிற சின்னப் படியின் விளிம்பில் நிறமுள்ள டேப். வெள்ளை டைல்ஸில் வெள்ளைக் கொமட் கற்றராக்ட் உள்ள கண்ணுக்குத் தெரியாது; இருக்கையை மட்டும் கரும் நிறத்துக்கு மாற்றினாலே வித்தியாசம். கட்டிலிலிருந்து பாத்ரூம்வரை அசைவுக்கு எரிகிற லைட். 2022 மின்வெட்டுக்கு வாங்கின சார்ஜ் லைட் எங்காவது கிடந்தால் அதைப் பாத்ரூம் வாசலில் தொங்கவிடுங்கள்.

கீசர் இருந்தால் குழாயில் வருகிற தண்ணீர் 50 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது. 60 பாகையில் தோல் வெந்துபோகச் சில விநாடிகள் போதும். மெயின் பெட்டியில், கரண்ட் கசிந்தால் தானாக நிற்பாட்டுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா பாருங்கள், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள்.

ஆள் விழுந்துவிட்டால் உடனே தூக்கி நிறுத்த வேண்டாம். இடுப்பு நோகிறது, கால் அசைக்கமுடியவில்லை என்றால் அப்படியே போர்த்திவிட்டு 1990 சுவசெரியவுக்கு எடுங்கள். இலவச அம்புலன்ஸ். இலக்கத்தைக் கதவுக்கு வெளியே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிறகு சேர்த்தது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: கம்பியெல்லாம் போட்டும் அப்பாவுக்கு இரவில் தலைசுற்றி விழப் பார்க்கிறதாம். பிரஷர் மருந்தோ, சலம் போகவைக்கிற மருந்தோ எடுக்கிற ஆக்கள் படுக்கையிலிருந்து சடாரென்று எழும்பினால் பிரஷர் இறங்கும். கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். மருந்து எடுக்கிற நேரத்தை டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றவேண்டாம்.

குளியல் கதிரையின் ரப்பர் நுனி தேய்ந்துபோனது என்று இன்னொருவர். ஆறு பேர் இழுத்து இழுத்து வைக்கிற கதிரையில் அது தேயத்தான் செய்யும். தனியாக வாங்கலாம், ஆனால் பருமன் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழையதில் ஒன்றைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். நாலையும் ஒரேயடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் கதிரை ஆடும்.